பழைய காரின் துருப்பிடித்த தகடு: பூசுவதா, ஒட்டுவதா, வெட்டுவதா?

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். எஞ்சினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடலாம், கிடைக்காத பாகத்தைக் கடைந்துகூட எடுத்துவிடலாம். பணத்தையும் பொறுமையையும் உண்மையில் உறிஞ்சுவது பாடியின் தகடுதான். அதில் ஒரு பொத்தல் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பட்டி போட்டு மூடிவிடலாம் என்பார் ஒருவர். ரஸ்ட் கன்வர்ட்டர் தடவினால் போதும் என்பார் இன்னொருவர். வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து வெல்டு பண்ணு, இல்லையென்றால் முழுப் பேனலையே மாற்று என்று சொல்லவும் ஆள் இருக்கும். எல்லோர் சொல்வதும் ஏதோ ஓர் இடத்துக்குப் பொருந்தும். எந்த இடத்துக்கு எது என்பதில்தான் குழப்பம்.

பொத்தல் எவ்வளவு பெரியது என்று பார்த்து முறையை முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. அந்தத் தகடு எடை தாங்குகிறதா, அதன் பின்பக்கத்துக்குக் கை எட்டுமா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கதவின் வெளித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் போயிருந்தாலும் அது நிதானமாகச் செய்யக்கூடிய வேலை. கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலில் நகம் அளவுக்குப் பொத்தல் இருந்தால், உள்ளே இருக்கும் இரண்டு மூன்று அடுக்குகளையும் திறந்து பார்க்க வேண்டிவரும்.

காரணம் எளிது. மேற்பரப்பில் கல் பட்டு பெயின்ட் பெயர்ந்த இடத்தைத் தவிர, பெரும்பாலான துரு உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு, சேறு தங்கும் மூலை, அடைபட்ட வடிகால் துளை, கண்ணாடி ரப்பருக்கு அடியில் நிற்கும் ஈரம் எல்லாம் அதன் பிறப்பிடங்கள். இரும்பு துருவாகும்போது குறைந்தது இரண்டு மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். நீரேறிய துரு அதற்கும் மேல் வீங்கும். அந்த வீக்கம் ஸ்பாட் வெல்டு (புள்ளி புள்ளியாக வைத்த வெல்டு) போட்ட மடிப்புகளைக்கூடப் பிதுக்கித் திறந்துவிடும். ஆகவே பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அதன் பின்னால் தகடு அதைவிட அகலமாக இற்றிருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு.

முடிவெடுக்கும் முன் சோதனை வேண்டும். ஒரு கூரான குத்தூசி, மெல்லிய துணி சுற்றிய காந்தம், வடிகால் துளை வழியாக உள்ளே விடக்கூடிய சின்ன கேமரா, இந்த மூன்றும் போதும். காந்தம் பிடிக்காத இடத்தில் பழைய பட்டி தடிமனாக இருக்கிறது. குத்தூசி உள்ளே இறங்கினால் அங்கே தகடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. குத்திப் பார்க்க மனசு வராதவர்கள் உண்டு. ஆனால் குத்தூசிக்கே தாங்காத தகடு சாலைக்குத் தாங்காது.

தகடு மிச்சம் இருக்கும்போது

துரு பிடித்திருக்கிறது, சிறு குழிகள் விழுந்திருக்கின்றன, ஆனால் பொத்தல் இல்லை. இந்த நிலையில் வெட்ட வேண்டியதில்லை. துருவை முழுக்க அகற்றுவதா, இருக்கும் துருவையே வேதிமுறையில் மாற்றுவதா என்பதுதான் இங்கே கேள்வி.

கன்வர்ட்டர் என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். முதலாவது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டாவது அதைக் கறுப்பான டானேட்டாக்கும். இரண்டுமே தாங்கள் தொட்ட துருவை மட்டும்தான் மாற்றும். செதில் செதிலாக எழும்பிய துருவின்மேல் தடவினால் மேல்தோல் கறுக்கும், அடியில் வேலை தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும். அதனால் உதிர்வதையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்கு மட்டும் கன்வர்ட்டரைப் பயன்படுத்துவதுதான் முறை. சேசிஸ் சட்டத்தின் உட்புறம், தரைத்தகட்டின் அடிப்பக்கம் போன்ற இடங்களுக்கு இது பொருத்தம். வெளியே பளபளக்க வேண்டிய பானெட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அமிலம் சரியாகக் கழுவப்படாமல் மிச்சமிருந்தால் பெயின்டுக்கு அடியில் பூசும் எபாக்சி பிரைமர் அதன்மேல் ஒழுங்காகப் பிடிக்காது.

முழுக்க அகற்றுவது என்றால் மணல் வீச்சு, மின்பகுப்பு, அமிலத் தொட்டி ஆகியவை கைக்கு வரும். மணல் வீச்சு வேகமானது, குழிகளின் அடிவரைக்கும் போகும். ஆனால் கூரை, பானெட், கதவு போன்ற அகலமான, லேசான வளைவுள்ள தகடுகளை அது அலை அலையாக நெளித்துவிடும். மணல் உரசும் சூடுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு மணியும் சின்னச் சுத்தியல் மாதிரி அடித்து ஒரு பக்கத்தை நீட்டிவிடுவதுதான் பெரிய காரணம். கனமான சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் மணல் வீச்சு அருமை. மேல்தகடுகளில் ஓரங்களோடும் மூலைகளோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. மணலுக்குப் பதில் சமையல் சோடாத் தூளை வீசும் சோடா வீச்சு தகட்டை நெளிக்காது, பெயின்டை அழகாக உரிக்கும். துருவிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது.

கழற்றி எடுக்கக்கூடிய பாகம் என்றால் மின்பகுப்பு எனக்குப் பிடித்தது. தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் கோர்த்துவிட்டால், நல்ல இரும்பைத் தின்னாமல் துரு மட்டும் தளர்ந்து விழும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலிருந்து அறுவலுக் குரோமியம் என்ற நச்சு தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் மூடிய அறையிலும் இதைச் செய்யக் கூடாது. அமிலத் தொட்டி முழுப் பாடியையும் ஒரே மூச்சில் சுத்தமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் மடிப்புகளுக்குள் சிக்கிய அமிலம் பெயின்ட் அடித்துப் பல மாதம் கழித்துக் கசிந்து வரும். பல அடுக்கு மடிப்புகள் உள்ள பாடிக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பொத்தலை மூடும் ஆசை

பொத்தலின் பின்னால் கம்பி வலை வைத்து அதன்மேல் பட்டியை அப்புவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலை. அது ரிப்பேர் ஆகாது. பாலியெஸ்டர் பட்டியில் டால்க் தூள் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பின்பக்கம் திறந்திருந்தால் அந்த ஈரம் நேராகத் தகட்டின் விளிம்பைப் போய்ச் சேரும், துரு இன்னும் வேகமாகப் பரவும். பைபர் கிளாஸ் பாயும் ரெசினும் ஈரத்தை அந்த அளவுக்கு இழுக்காது. ஆனால் இரும்பும் அதுவும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் காலப்போக்கில் ஓரம் பிரிந்துகொள்ளும். பட்டிக்கு உண்டான வேலை வேறு. நல்ல தகட்டின்மேல், எபாக்சி பிரைமர் அடித்த பிறகு, ஓரிரு மில்லிமீட்டர் சமன் செய்வது. அந்த வேலையில் அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டி வருவதற்கு முன் இந்த இடத்தில் ஈயம் இருந்தது. 30 சதவீதம் வெள்ளீயமும் 70 சதவீதம் ஈயமும் கலந்த கட்டி 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும், முழுக்க உருகச் சுமார் 255 டிகிரி வேண்டும். இடைப்பட்ட சூட்டில் அது பிசைந்த களிமண் பதத்தில் நிற்கும். மெழுகோ எண்ணெயோ தடவிய மரத்துடுப்பால் அதைத் தகட்டின்மேல் வழித்து வடிவம் கொடுப்பார்கள். தகட்டோடு உலோகமாகவே ஒட்டிக்கொள்வதால் ஈரம் புகாது. கதவு விளிம்பு, தகடுகள் சேரும் இடம் போன்றவற்றுக்கு இன்றைக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் பொத்தலை மூட இதுவும் ஆகாது. ஈயப் பூச்சை அரத்தால்தான் தேய்க்க வேண்டும். கிரைண்டரோ உப்புத்தாளோ வைத்தால் நச்சுத் தூள் காற்றில் கலந்துவிடும். ஈயம் ஒட்டுவதற்காக அடியில் பூசிய பிளக்ஸில் அமிலம் இருப்பதால் முடித்ததும் நடுநிலைப்படுத்திக் கழுவவும் வேண்டும்.

பசையா, வெல்டிங்கா?

பொத்தல் விழுந்துவிட்டது, வெட்டியாக வேண்டும். இனி புதுத் துண்டை எதனால் சேர்ப்பது? இங்கே பழைய ஆட்களுக்கும் புதிய ஆட்களுக்கும் சண்டையே நடக்கும்.

பேனல் பசையை ஏளனம் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் ஸ்போர்ட்ஸ் காரின் அலுமினியச் சேசிஸே எபாக்சி பசையால் ஒட்டப்பட்டது. பசை பலவீனமானதல்ல. ஆனால் அந்தச் சேசிஸின் ஒவ்வொரு இணைப்பும் ஒட்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பசை பக்கவாட்டில் இழுத்தால் தாங்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விட்டுவிடும். பழைய காரின் பாடி வெல்டிங்குக்காக வடிவமைக்கப்பட்டது. அதனால் கதவின் வெளித்தகடு, பின் மட்கார்டின் நடுப்பகுதி, கூரைத் தகடு போன்ற எடை தாங்காத இடங்களில் மட்டும் பசையை ஏற்கலாம். அங்கே அதற்குப் பெரிய ஆதாயம் உண்டு. சூடு இல்லை, ஆகவே தகடு நெளியாது. பின்பக்கம் பூசிய பிரைமரும் எரியாது. மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்த பழைய பாடிகளில் சூடு இல்லாதது உயிர்காக்கும் விஷயம்.

குறையும் உண்டு. ஒட்ட வேண்டுமானால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அப்படிப் படிவது பின்பக்கத்தில் ஒரு விளிம்பை உண்டாக்கும், விளிம்பில் ஈரம் தங்கும். அப்புறம், பின்னாளில் பக்கத்தில் யாராவது வெல்டிங் செய்தால் பசை சூட்டில் கெட்டுவிடும். அடுத்து வண்டியை வாங்குபவருக்கு அங்கே பசை இருப்பது தெரியவும் தெரியாது.

வெல்டிங்கில் மூன்று வழிகள்: மிக், டிக், கேஸ். மிக் என்பது கம்பி தானாக வந்து உருகிச் சேரும் மின்வெல்டிங். அது பழக எளிது, வேகமானது, ஒரு கையிலேயே வேலை நடக்கும். பழைய பாடித் தகடுகள் பெரும்பாலும் 0.9 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ளவை. அதற்கு 0.6 மில்லிமீட்டர் கம்பியும் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் போதும். மிக்கின் குறை அது விடும் கடினமான மேடு. அந்த மேட்டைச் சுத்தியலால் தட்டிப் படிய வைக்க முடியாது, கிரைண்டரால்தான் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது பக்கத்துத் தகடும் மெலிந்துபோகும். ஒரு கையில் மின்முனையும் மறுகையில் நிரப்புக் கம்பியும் பிடிக்கும் டிக் வெல்டிங்கில் மேடு சிறியது, மென்மையானது. சுத்தியலும் டாலியும் (பின்பக்கம் அணைகொடுக்கும் இரும்புக் கட்டி) வைத்துத் தட்டினால் சுருங்கிய இடம் விரிந்து பழைய வடிவத்துக்கு வரும். ஆனால் துருவோ பெயின்டோ துளி இருந்தாலும் டிக் மக்கர் பண்ணும். பழைய தகட்டின் பின்பக்கத்தை அந்த அளவுக்குச் சுத்தமாக்குவது எல்லா இடத்திலும் நடக்காது.

கேஸ் வெல்டிங்கை வழக்கொழிந்தது என்று ஒதுக்குகிறார்கள். பழைய டிங்கரிங் ஆட்கள் அதைக்கொண்டுதான் முழுப் பாடியையே செய்தார்கள். அதன் வெல்டு மூன்றிலும் மிக மென்மையானது, தட்டினால் கேட்கும். சூடு அகலமாகப் பரவும் என்பதால் சுத்தியல் பழகிய கை வேண்டும். பின்பக்கம் டாலி வைக்க முடியாத இடத்தில் கேஸ் வெல்டிங்கை எடுக்கவே கூடாது. பார்த்தீர்களா, இங்கேயும் பின்பக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறது. இருபக்கமும் கை எட்டினால் டிக் அல்லது கேஸ். ஒரு பக்கம்தான் எட்டும் என்றால் மிக்.

எந்தக் கருவியானாலும் தொடர்ச்சியாக ஒரே இழுப்பில் வெல்டு ஓட்டினால் தகடு சுருங்கி இழுக்கும். ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஓரிரு அங்குலம் தள்ளி அடுத்த புள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் என்று தாவித் தாவி வைத்து, தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு, மீண்டும் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பின்னால் ஒரு செம்புப் பட்டையைப் பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், உருகிய இரும்பும் அதில் ஒட்டாது. துண்டின் மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைத்து வெட்டுவது நல்லது. கூர்மூலையில் சூடு குவிந்து பொத்தல் விழும்.

விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா, மேலே படிய வைப்பதா என்பதிலும் எனக்குத் தயக்கம் இல்லை. கண்ணுக்குத் தெரியும் தகட்டில் விளிம்போடு விளிம்பு. படிய வைப்பது எளிதுதான், இடைவெளி துல்லியமாக இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். ஆனால் உள்ளே மறைந்த அந்த இரட்டைத் தகடு அடுத்த துருவுக்கு நாமே போட்டுத்தரும் திண்ணை. தரைத்தகட்டில் மட்டும் படிய வைப்பதை ஏற்றுக்கொள்வேன். அங்கே மேலும் கீழும் கை எட்டும், இரண்டு ஓரத்தையும் சீலரால் மூடிவிடலாம்.

துண்டா, முழுப் பேனலா?

இங்கேதான் பணம் கூடுதலாகப் போகும். முழுப் பேனல் மூன்று வகையில் கிடைக்கும்: அந்தக் காலத்திலேயே தயாரித்துப் பயன்படுத்தாமல் கிடப்பது, இன்றைக்குப் புதிதாக அச்சில் அடிப்பது, கழிவு வண்டியிலிருந்து வெட்டி எடுப்பது. முதலாவது அபூர்வம். இரண்டாவது பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பொருத்தினால் கதவு இடைவெளி ஒரு பக்கம் விரலும் மறுபக்கம் நகமும் நுழையும் அளவுக்கு மாறலாம். வளைவுக் கோடுகளின் கூர்மையும் மழுங்கியிருக்கும். அதனால் வாங்கியதும் பழையதை வெட்டிவிடாமல், முதலில் மேலே வைத்துக் கிளாம்ப் போட்டுப் பார்க்க வேண்டும். கழிவு வண்டியின் தகடு வடிவத்தில் மிகச் சரியாக இருக்கும், ஆனால் அதே மாடலில் எல்லா வண்டியும் ஒரே இடத்தில்தான் துருப்பிடிக்கும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. துரு ஒரு ஓரத்தோடு நின்றால் துண்டு. மடிப்பு, மூலை, உள்ளடுக்கு என்று மூன்று பக்கமும் பரவியிருந்தால் முழுப் பேனல். எடை தாங்கும் பெட்டி வடிவப் பகுதி என்றால், வெளித்தகட்டை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. 1962-இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல உதாரணம். அதன் ராக்கர் பகுதியில் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் ஒரு செங்குத்துத் தகடு என அடுக்குகள் உண்டு. கூரையில்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் பெரும்பாலும் இணைத்துப் பிடித்திருப்பது இந்தப் பெட்டிதான். வெளியே புதுத்தகடு பளபளக்க, நடுத்தகடு தூளாகிக் கிடக்கும் வண்டிகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன.

தனிச் சேசிஸ் உள்ள பழைய வண்டிகளில் கதை வேறு. அங்கே பாடித்தகடு எடையின் பெரும்பகுதியைத் தாங்குவதில்லை, ஆகவே துண்டு வைப்பதற்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. வோக்ஸ்வாகன் பீட்டில் நடுவில் நிற்கிறது. பாடி தனியாக போல்ட் போட்டு இறக்கப்பட்டது, ஆனாலும் இரு ஓரத்திலும் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்ப் பெட்டிகளே பாடிக்கு விறைப்பும் கொடுக்கின்றன. அவை போய்விட்டால் கதவு சரியாக மூடாது.

ராக்கரை வெட்டும் முன் கதவு திறப்பின் குறுக்கே சதுரக் குழாய்களை வெல்டு செய்து பாடியைப் பிணைக்க வேண்டும். வண்டி தன் எடையைச் சமமாகத் தாங்கும்படி நிற்க வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். கதவை அடிக்கடி மாட்டிப் பார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் வெல்டு முடிந்த பின் வளைவை நேர் செய்ய வழியே இல்லை. பழைய ஸ்பாட் வெல்டுகளை அதற்கென்று உள்ள 8 மில்லிமீட்டர் கட்டரால் மேல்தகட்டில் மட்டும் துளைத்துப் பிரித்தால் அடித்தகடு தப்பிக்கும். புதுப் பேனலில் அதே இடங்களில் துளையிட்டு மிக்கால் நிரப்பினால் வேலை முடிந்தது.

எதை விட்டுவைப்பது என்ற கேள்வி

அரிய வண்டி என்றால் கணக்கு மாறும். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான பிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், முடிந்தவரை அசல் பொருளைக் காப்பாற்றுவதை முன்வைக்கிறது. அந்தப் பார்வையில் முழுப் பேனலை மாற்றுவது கடைசி வழி, சிறு துண்டு முந்தைய வழி, துருவை நிறுத்தி அப்படியே காப்பது முதல் வழி. ஆயிரக்கணக்கில் செய்த மாடலுக்கு இவ்வளவு தயங்க வேண்டியதில்லை. ஒரு பட்டறையின் சுத்தியல் தடம் உள்ளே தெரியும் கைவேலைப் பாடிக்குத் தயங்கித்தான் ஆக வேண்டும்.

வெல்டு வைக்கப்போகும் இடத்தைச் சுத்தம் செய்ய குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. வெல்டிங் சுடரில் அது பாஸ்ஜீனாக மாறும். அது முதல் உலகப் போரில் பயன்படுத்திய நச்சு வாயு. துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலை வரவழைக்கும், ஆகவே ஓரத்தில் பூச்சைத் தேய்த்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று செய்ய வேண்டும்.

வெல்டு முடிந்த பின் மறைவிடங்களில் என்ன செய்யப்போகிறோம் என்பதை வெட்டும் முன்னரே யோசிக்க வேண்டும். வெல்டு சூட்டில் பின்பக்கப் பிரைமர் எரிந்துவிடும், மூடிய பெட்டிக்குள் பிரஷ் போகாது. அதற்கு மெல்லிய குழாய் வழியாகத் தெளிக்கும் மெழுகுதான் வழி. வடிகால் துளை வழியாகவோ ரப்பர் மூடியுள்ள துளை வழியாகவோ குழாயை விட்டு, முழுநீளமும் இழுத்தபடி தெளிக்க வேண்டும். பெயின்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகே தெளிக்க வேண்டும், மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. தெளித்ததும் வடிகால் துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்க்கவும். சீலரும் மெழுகும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடுவது உண்டு, அடைபட்டால் உள்ளே தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிடும்.